காஸ்ட் போட்டதும் வார்னிங் போய்விட்டது, அது போதுமா? கர்னல் அடாமிக் செயல்பாடுகளில் பாயின்டர் வகைகள்

கேட்கப்பட்டது இது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் கர்னலுக்கு ஒரு மாட்யூல் எழுதும் மாணவர், லாக் இல்லாத ஒரு லிங்க்டு லிஸ்ட் வைத்திருக்கிறார். அதன் ஹெட் பாயின்டரை அடாமிக்_சிஎம்பிசெட்_பிடிஆர் (எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும், இடையில் யாரும் குறுக்கிட முடியாதபடி ஒரே அடியில் புது மதிப்பை வைக்கும் செயல்பாடு) கொண்டு மாற்றப் பார்த்தால், பாயின்டர் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் வார்னிங் தருகிறது. மூன்று ஆர்க்யூமென்டுக்கும் காஸ்ட், அதாவது இதை வேறு வகையாக எடுத்துக்கொள் என்று கம்பைலருக்குச் சொல்லும் குறி, போட்டதும் வார்னிங் போய்விட்டது, மாட்யூலும் ஓடுகிறது. இது சரிதானா? பாயின்டருக்கென்றே இருக்கும் செயல்பாடு ஏன் பாயின்டரை வாங்காமல் முழு எண்ணைக் கேட்கிறது? லினக்ஸில் இதே வேலை காஸ்ட் இல்லாமல் நடக்கிறதே, எப்படி?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய வரி இன்றைய எக்ஸ்86, ஆர்ம்64 இயந்திரங்களில் சரியாகவே ஓடும். ஆனால் அந்த காஸ்ட், அழைக்கும் ஒவ்வொரு இடத்திலும் இருக்கக் கூடாது. உங்கள் நோட் வகையை மட்டுமே வாங்கும் ஒரு சின்ன இன்லைன் ஃபங்ஷன் எழுதி, காஸ்டை அதற்குள் ஒரே ஒரு தடவை போடுங்கள். இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்பதுதான் மீதிப் பதில்.

வன்பொருளுக்கு வகை என்று ஒன்று கிடையாது. எக்ஸ்86-ல் லாக் முன்னொட்டோடு வரும் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச், ஆர்ம்64-ல் எக்ஸ்க்ளூசிவ் லோடும் ஸ்டோரும், ரிஸ்க்-ஃபைவில் எல்ஆர், எஸ்சி என்ற ஜோடி என எதை எடுத்தாலும் அதற்குத் தெரிய வேண்டியவை நான்குதான்: முகவரி, எத்தனை பைட் அகலம், எதிர்பார்க்கும் மதிப்பு, புது மதிப்பு. இதில் அகலத்தை நீங்கள் எங்கேயும் எழுதுவதில்லை. பாயின்டரின் வகையைப் பார்த்துக் கம்பைலர்தான் அதை முடிவு செய்கிறது. அதாவது, காஸ்ட் போடும்போது வகைப்பெயரை மட்டும் மாற்றுகிறோம் என்று நினைப்போம். உண்மையில் ப்ராசஸர் எத்தனை பைட்டைத் தொடப்போகிறது என்பதையும் சேர்த்தே மாற்றிவிடுகிறோம். சாதாரணக் கோடில் இப்படித் தவறு நடந்தால் முதல் டெஸ்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அடாமிக் கோடில் அது, இரண்டு ப்ராசஸர்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் மோதும்போது மட்டும்தான் வெளியே வரும். மோதல் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. டெஸ்டிங் கைகொடுக்காத இடத்தில் நமக்கு மிச்சமிருக்கும் ஒரே துணை கம்பைலரின் வகைச் சோதனை. காஸ்ட் அதையும் அணைத்துவிடுகிறது.

சரி, வார்னிங் ஏன் வந்தது? சி மொழியில் வாய்டு * எந்தப் பாயின்டரையும் ஏற்றுக்கொள்ளும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் வாய்டு ** என்பதும் எந்தப் பாயின்டரின் முகவரியையும் ஏற்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஏற்காது. ஸ்ட்ரக்ட் நோட் * என்பதை வாய்டு * ஆக்கும்போது கம்பைலர் மதிப்பை உருமாற்றித் தர வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரக்ட் நோட் ** என்பதை வாய்டு ** ஆக்கினால், மெமரியில் ஏற்கெனவே கிடக்கும் ஒரு பாயின்டரை வேறு வகைப் பாயின்டராகப் படிக்கச் சொல்கிறோம். இரண்டும் மெமரியில் ஒரே வடிவத்தில் இருக்கும் என்று சி தரம் உறுதி கொடுக்கவில்லை. இது ஏட்டளவு கவலை மட்டுமல்ல. டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் எக்லிப்ஸ் எம்வி இயந்திரங்களில் கேர் *, வாய்டு * இரண்டும் பைட் பாயின்டர்கள், மற்றவை எல்லாம் வேர்டு பாயின்டர்கள். பிட் அமைப்பே வேறு. இன்று நாம் கர்னல் எழுதும் இயந்திரங்களில் அந்த வித்தியாசம் இல்லை. விதி மட்டும் தங்கியிருக்கிறது. அதனால்தான் அடாமிக் ஏபிஐ எழுதும் ஒவ்வொருவரும் அந்த முதல் ஆர்க்யூமென்டுக்கு என்ன வகை கொடுப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் விண்டோஸில் இன்டர்லாக்டு குடும்பத்தின் பாயின்டர் வடிவங்கள் வாய்டு * வாலடைல் * வாங்குகின்றன. (வாலடைல் என்பது, இந்த மதிப்பு எப்போது வேண்டுமானாலும் மாறலாம், ஒவ்வொரு தடவையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்லும் சொல்.) விதிப்படி நேர்மையான கையெழுத்து (ஃபங்ஷன் எந்தெந்த வகைகளை வாங்கும் என்ற அறிவிப்பு). விலை என்னவென்றால் சி-யில் அழைப்பவர் ஒவ்வொரு தடவையும் காஸ்ட் எழுத வேண்டும். பாயின்டருக்குத் தனி வடிவம் அங்கே கட்டாயத் தேவை என்பதையும் கவனிக்க வேண்டும்: 64 பிட் விண்டோஸிலும் லாங் 32 பிட்தான். லாங் வாங்கும் வடிவத்துக்குப் பாயின்டரை காஸ்ட் செய்து அனுப்பினால் மேல் பாதி அறுந்து போகும்.

சோலாரிஸும் நெட்பிஎஸ்டியும் எதிர்ப்பக்கம் போயின. அவற்றின் அடாமிக்_கேஸ்_பிடிஆர், முதல் ஆர்க்யூமென்டாக வாலடைல் வாய்டு * வாங்குகிறது. எந்தப் பாயின்டரின் முகவரியும் எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விடும், காஸ்ட் தேவையே இல்லை. பார்க்க அழகாக இருக்கும் இந்த வழியில்தான் எனக்கு மிகுந்த தயக்கம். ஆம்பர்சண்ட் போட்டு ஹெட்டின் முகவரியை அனுப்ப வேண்டிய இடத்தில், அதை மறந்து ஹெட்டையே அனுப்பினாலும் கம்பைலர் வாய் திறக்காது, ஏனென்றால் ஹெட்டும் ஒரு பாயின்டர்தான். அப்போது என்ன நடக்கும்? செயல்பாடு ஹெட்டை விட்டுவிட்டு, ஹெட் காட்டும் நோட்டின் முதல் எட்டு பைட்டைத் தொடும். ஸ்வாப் செயல்பாடாக இருந்தால் அந்த நோட்டின் முதல் ஃபீல்டு அழிந்து, அங்கே புது நோட்டின் முகவரி உட்கார்ந்துகொள்ளும். முதல் ஃபீல்டு நெக்ஸ்ட் பாயின்டராக இருந்தால் இன்னும் மோசம்: லிஸ்ட் பார்வைக்கு லிஸ்டாகவே இருக்கும், ஆனால் ஹெட்டுக்கு அடுத்திருந்த நோட்கள் எல்லாம் காணாமல் போயிருக்கும். கம்பேர்-ஸ்வாப் என்றால் எதிர்பார்த்த மதிப்பு பொருந்தாமல் லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு எழுத்து விடுபட்டதற்கு இத்தனை.

ஃப்ரீபிஎஸ்டியிலும் முதலில் இந்த வாய்டு வழிதான் இருந்தது. 2005-ல் அந்தக் குடும்பம் முழுவதையும் யூஇன்ட்பிடிஆர்_டி வகைக்கு மாற்றினார்கள். இன்லைன் அசெம்பிளியின் கட்டுப்பாடுகளையும் வாலடைல் சொல்லையும் சரியாக எழுத அது எளிது என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். யூஇன்ட்பிடிஆர்_டி என்பது ஒரு பாயின்டரை இழப்பில்லாமல் தாங்கும் முழு எண் வகை, சி99 தரத்தில் வந்தது. அசெம்பிளி எழுதுபவரின் கோணத்தில் இது நியாயம்: ரெஜிஸ்டருக்குள் போவது எப்படியும் ஒரு எண்தான்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. கர்னலுக்குள் இந்தச் செயல்பாட்டை மிக அதிகமாகப் பயன்படுத்துவது மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் பூட்டு) போன்ற லாக்குகள்தான். ஃப்ரீபிஎஸ்டி மியூடெக்ஸின் எம்டிஎக்ஸ்_லாக் என்ற ஃபீல்டில் லாக்கை வைத்திருக்கும் த்ரெட்டின் முகவரி இருக்கும்; அதன் கடைசி பிட்களில், யாராவது காத்திருக்கிறார்களா, அதே த்ரெட் மறுபடி எடுத்திருக்கிறதா என்ற குறிகள் இருக்கும். த்ரெட் ஸ்ட்ரக்சர்கள் பெரிய பைட் எல்லைகளில் அமர்வதால் முகவரியின் கடைசி பிட்கள் எப்போதும் சுழியம், அந்த இடத்தைத்தான் குறிகளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். லினக்ஸ் மியூடெக்ஸும் இதே உத்திதான்: ஓனர் ஃபீல்டின் கடைசி மூன்று பிட்கள் குறிகள். இப்படிப்பட்ட வேர்டை ஸ்ட்ரக்ட் த்ரெட் * என்று அறிவிப்பது பொய். குறி ஏறிய அந்த மதிப்பு எந்த த்ரெட்டையும் சரியாகக் காட்டாது, தவறி யாராவது அதன் வழியே ஒரு ஃபீல்டைப் படித்தால் ஒன்றிரண்டு பைட் தள்ளிப் படிப்பார்கள். முழு எண் என்று அறிவித்தால் காஸ்ட் எழுதாமல் பாயின்டராகப் பயன்படுத்தவே முடியாது, குறிகளைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே நினைவுக்கு வரும். ஆக, வேர்டுக்குள் பாயின்டரும் குறிகளும் கலந்திருந்தால் முழு எண் வகை. சுத்தமான பாயின்டர் மட்டும் இருந்தால் பாயின்டர் வகை. உங்கள் ஹெட் இரண்டாவது ரகம். செயல்பாடோ முதல் ரகத்தை மனதில் வைத்து வடிவமைக்கப்பட்டது. உங்களுக்கு வந்த வார்னிங் அந்த இடைவெளியில் பிறந்ததுதான்.

மேல் பிட்களில் குறி வைக்கும் பழக்கத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எக்ஸ்86-ல் முகவரிக்கு 48 பிட் போதும், மேலே 16 பிட் சும்மா இருக்கிறது என்று அதில் கைவைத்தவர்கள் பலர். பிறகு ஐந்து அடுக்கு பேஜ் டேபிள் (முகவரியை உண்மையான மெமரி இடத்தோடு பொருத்தும் அட்டவணை) வந்து 57 பிட் ஆனது. கீழ் பிட்கள் உங்கள் அலைன்மென்ட் (முகவரி எந்த எண்ணின் மடங்காக அமைகிறது என்பது) உங்களுக்குத் தரும் சொத்து, மேல் பிட்கள் ப்ராசஸர் வடிவமைப்பாளருடையவை. கர்னலில் கீழ் பிட்களோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

இனி வாலடைல். கையெழுத்தில் அது எந்த இடத்தில் வருகிறது என்பதில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். வாலடைல் ஸ்ட்ரக்ட் நோட் * ஹெட் என்று எழுதினால், ஹெட் காட்டும் நோட் நம் கண்ணுக்குத் தெரியாமல் மாறலாம் என்று பொருள். நமக்கு வேண்டியது அது இல்லை, ஹெட் என்ற பாயின்டரே மாறலாம் என்பது. அதற்கு ஸ்ட்ரக்ட் நோட் * வாலடைல் ஹெட் என்று நட்சத்திரத்துக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் போட்டுவிட்டால் கம்பைலர் ஹெட்டை ஒரு தடவை படித்து ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு, லூப் முழுக்கப் பழைய மதிப்பையே பார்க்கலாம். அழைக்கும் இடத்தில் காஸ்ட் இருந்தால் இந்தத் தவறும் வெளியே தெரியாது. வாலடைல் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதையெல்லாம் காஸ்ட் சமமாக்கிவிடும்.

வாலடைல் காஸ்டை நம்பி லினக்ஸ் ஒரு தடவை அடிவாங்கியது. ஆக்சஸ்_ஒன்ஸ் என்ற மேக்ரோ, கொடுத்த மாறியின் முகவரியை எடுத்து, வாலடைல் வகைப் பாயின்டராக காஸ்ட் செய்து, அதன் வழியே படிக்கும். அவ்வளவுதான் அதன் முழு உடலும். ஜிசிசி கம்பைலரின் 4.6, 4.7 பதிப்புகள் ஸ்ட்ரக்ட், யூனியன் போன்ற கூட்டு வகைகளில் அந்த வாலடைலைக் கழற்றி எறிந்துவிட்டன என்பது 2014-ல் தெரியவந்தது. பேஜ் டேபிள் பதிவுகள் பல ஆர்க்கிடெக்சர்களில் ஸ்ட்ரக்ட் உறைக்குள் இருப்பவை, ஆகவே இது சின்ன விஷயமாக இல்லை. அதற்குப் பதிலாக அளவைப் பார்த்து, அந்த அளவுள்ள எளிய முழு எண் வகை வழியாகப் படிக்கும் ரீட்_ஒன்ஸ், எழுதும் ரைட்_ஒன்ஸ் இரண்டும் 3.19 பதிப்பில் வந்தன. பழைய மேக்ரோ 4.15-ல் முழுதாக வெளியேறியது. காஸ்ட் ஒரே மேக்ரோவுக்குள் இருந்ததால்தான் சரிசெய்ய முடிந்தது என்பது என் கருத்து. அது கர்னல் முழுக்கச் சிதறிக் கிடந்திருந்தால் தேடிப் பிடிக்கவே வருடங்கள் போயிருக்கும்.

லினக்ஸில் காஸ்ட் இல்லாமல் எப்படி நடக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காஸ்ட் இருக்கிறது, ஆனால் மேக்ரோவுக்குள் ஒளிந்திருக்கிறது. அங்கே கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் ஒரு ஃபங்ஷன் இல்லை, மேக்ரோ. டைப்ஆஃப் என்ற ஜிசிசி நீட்சி மூலம் நீங்கள் தந்த பாயின்டர் எதைக் காட்டுகிறது என்று கண்டுபிடித்து, பழைய மதிப்பையும் புது மதிப்பையும் அந்த வகையில் வைத்துக்கொள்ளும். பிறகு சைஸ்ஆஃப் பார்த்து 1, 2, 4, 8 பைட் எதுவோ அதற்குரிய இன்ஸ்ட்ரக்‌ஷனைத் தேர்ந்தெடுக்கும். வேறு அளவு வந்தால் கர்னல் பில்டே ஆகாது. அளவு தவறும்போது பில்ட் நின்றுபோவதைவிட நல்ல நடத்தை இந்தத் துறையில் இல்லை.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எக்ஸ்86 மேக்ரோ பழைய, புது மதிப்புகளை அந்த வகையுள்ள தற்காலிக மாறிகளுக்கு அசைன் செய்கிறது. அசைன் என்பதால் வகை தவறினால் வார்னிங் வரும். எல்லா ஆர்க்கிடெக்சர்களுக்குமான பொது வடிவமோ அன்சைன்டு லாங்குக்கு காஸ்ட் செய்து அனுப்புகிறது, எந்த வகைப் பாயின்டரைக் கொடுத்தாலும் விழுங்கிவிடும். ஒரே கோடு ஒரு ஆர்க்கிடெக்சரில் வார்னிங்கோடும் இன்னொன்றில் சத்தமில்லாமலும் கம்பைல் ஆவது இதனால்தான். ஃப்ரீபிஎஸ்டியிலும் இது உண்டு: 32 பிட் ஐ386 ஹெட்டரில் பாயின்டர் வடிவம், தன் ஆர்க்யூமென்ட்களைத் தானே அன்சைன்டு இன்ட்டுக்கு காஸ்ட் செய்துகொள்ளும் மேக்ரோ, 64 பிட் ஏஎம்டி64-ல் அது லாங் வடிவத்துக்கு இன்னொரு பெயர், காஸ்ட் கிடையாது. ஆகவே, எந்த இயந்திரத்துக்கு எழுதினாலும் 64 பிட்டில் ஒரு தடவை கம்பைல் செய்து பாருங்கள்.

அன்சைன்டு லாங்குக்கு காஸ்ட் செய்வது பாயின்டரோடு நிற்கவில்லை, சிறிய முழு எண்களையும் கடித்தது. லினக்ஸின் பொது வடிவத்தில் எதிர்பார்க்கும் மதிப்பு அன்சைன்டு லாங்காக உள்ளே வரும். 8 பிட் சைன்டு மாறியில் மைனஸ் 1 எதிர்பார்த்தால், காஸ்ட் அதை 64 பிட்டுக்கும் ஒன்றுகளால் நிரப்பிவிடும். மெமரியிலிருந்து படித்த பைட்டோ மேலே சுழியங்களோடு 255 ஆக வரும். இரண்டும் ஒருபோதும் சமமாகாது, ஸ்வாப் எப்போதும் தோற்கும். 2023-ல்தான் இதைத் திருத்தினார்கள், ஒப்பிடும் முன் எதிர்பார்க்கும் மதிப்பையும் அதே அகலத்துக்குச் சுருக்கி. பல ஆண்டுகள் எல்லோர் கண்முன்னும் இருந்த கோடு அது.

அகலத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். கர்னலில் நான் மிகவும் அஞ்சும் காஸ்ட், யூ32 * என்பதை அன்சைன்டு லாங் * ஆக்குவது. லினக்ஸின் செட்_பிட் போன்ற அடாமிக் பிட் செயல்பாடுகள் அன்சைன்டு லாங் * தான் வாங்கும். கையில் இருப்பதோ 32 பிட் ஃபீல்டு. வார்னிங் வருகிறது, காஸ்ட் போடுகிறோம், டெஸ்ட் பாஸ். உண்மையில் என்ன நடக்கிறது? 64 பிட் இயந்திரத்தில் செயல்பாடு 8 பைட்டைத் தொடலாம். பக்கத்து 4 பைட் வேறு ஃபீல்டு. அதைச் சாதாரணமாக எழுதும் இன்னொரு ப்ராசஸரோடு மோதலாம். பிக்-எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்) இயந்திரமானால் பிட் 0 என்பது 8 பைட்டின் கடைசியில் இருக்கும், அதாவது நம் ஃபீல்டில் இல்லாமல் பக்கத்து ஃபீல்டில்! லிட்டில்-எண்டியனில் தற்செயலாகச் சரியாக அமைந்துவிடுவதுதான் இந்தத் தவறை இவ்வளவு காலம் வாழவைக்கிறது.

லினக்ஸின் எக்ஸ்86 கோடிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ப்ராசஸரின் திறன்களைப் பதிவுசெய்யும் பிட் வரிசை 32 பிட் எண்களின் அர்ரே. அதன்மேல் பிட் வைக்கும் மேக்ரோ அதை அன்சைன்டு லாங் * ஆக காஸ்ட் செய்தது. அர்ரேக்கு 4 பைட் அலைன்மென்ட் மட்டுமே உறுதி, ஆகவே 8 பைட் செயல்பாடு இரண்டு கேஷ் லைன்களுக்கு (ப்ராசஸர் மெமரியை எடுத்து வைக்கும் துண்டுகள்) குறுக்கே விழ வாய்ப்பு இருந்தது. எக்ஸ்86 இதை மறுக்காது. மெமரி பஸ் முழுவதையும் நிறுத்தி வைத்துச் செய்து முடிக்கும். ஸ்ப்ளிட் லாக் என்பது இதுதான், மற்ற எல்லா ப்ராசஸர்களும் அந்த நேரம் காத்திருக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்து எச்சரிக்கும் வசதி 2020-ல் லினக்ஸ் 5.7-ல் வந்தது. அதற்கான ஏற்பாடுகளின்போதுதான் அந்த அர்ரேக்கள் அன்சைன்டு லாங் அலைன்மென்டுக்கு மாற்றப்பட்டன. ஆர்ம்64-ல் எக்ஸ்க்ளூசிவ் லோடு அலைன் ஆகாத முகவரியைத் தொட்டால் பொதுவாக நேராக ஃபால்ட் (ப்ராசஸர் எழுப்பும் பிழை) அடிக்கும்.

இரட்டை அகலச் செயல்பாடுகளில் அலைன்மென்ட் இன்னும் கறார். எக்ஸ்86-ன் 16 பைட் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச், முகவரி 16-ன் மடங்காக இல்லாவிட்டால் ஜெனரல் ப்ரொடெக்‌ஷன் ஃபால்ட் தரும். இந்த வகை இன்ஸ்ட்ரக்‌ஷன் ஏன் இருக்கிறது என்றால் ஏபிஏ சிக்கலுக்காக: ஹெட் 'அ'-வாக இருந்து 'ஆ'-வாக மாறி மறுபடி 'அ'-வாகவே வந்தால், கம்பேர்-ஸ்வாப்புக்கு இடையில் நடந்தது தெரியாது. பாயின்டரோடு ஒரு எண்ணியையும் சேர்த்து ஒரே அடியில் மாற்றினால் தெரியும். ஐபிஎம் சிஸ்டம்/370 இதற்கு ஒற்றை அகல வடிவத்தோடு இரட்டை அகல வடிவத்தையும் 1970-களிலேயே வைத்திருந்தது. எக்ஸ்86-ல் 8 பைட் வடிவம் பென்டியத்தில் வந்தது. கர்னலுக்குள் மெமரியைப் பங்கிட்டுத் தரும் லினக்ஸின் ஸ்லப் அலொக்கேட்டர் இந்த இரட்டை அகலச் செயல்பாட்டைப் பயன்படுத்துகிறது. பழைய ஏபிஐ அடுத்தடுத்த இரண்டு வேர்டுகளுக்கு இரண்டு பாயின்டர்கள் வாங்கிக்கொண்டு, அவை உண்மையிலேயே அடுத்தடுத்து இருக்கின்றனவா, அலைன் ஆகியிருக்கின்றனவா என்று ஓடும்போது சோதித்தது. 2023-ல் அதை நீக்கிவிட்டு, 128 பிட் முழு எண் வகை ஒன்றையே வாங்கும் செயல்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இரண்டு வேர்டுகளும் ஒரே யூனியனுக்குள் அந்த 128 பிட் வகையோடு இருந்தால், அடுத்தடுத்து இருப்பதையும் அலைன்மென்டையும் வகையே சொல்லிவிடும். காஸ்ட்களை வகைகளால் மாற்றுவது எப்படி என்று கேட்டால் நான் காட்டும் முதல் உதாரணம் இது.

இன்லைன் அசெம்பிளியைத் தொடப்போகிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மெமரி ஆப்பரண்ட் ஒன்றைக் கொடுக்கும்போது, அதன் வகையிலிருந்துதான் எத்தனை பைட் மாறக்கூடும் என்று கம்பைலர் கணக்கிடுகிறது. வாய்டு பாயின்டரின் உள்ளடக்கத்துக்கு அளவே இல்லை. பழைய லினக்ஸில் இதற்காக நூறு அன்சைன்டு லாங்குகள் கொண்ட ஒரு பொம்மை ஸ்ட்ரக்சர் வைத்து, பாயின்டரை அதற்கு காஸ்ட் செய்வார்கள். இந்த வட்டாரத்தில் எதுவும் மாறலாம், ரெஜிஸ்டரில் பிடித்து வைக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வழி அது. யூஇன்ட்பிடிஆர்_டி வாங்கும் செயல்பாட்டில் இந்தப் பிரச்சினையே எழாது, அளவு வகையிலேயே இருக்கிறது. 2005 மாற்றத்துக்குச் சொன்ன காரணம் இதன் தொடர்ச்சிதான். ஸ்ட்ரிக்ட் அலையசிங் என்ற இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்ட்ரக்ட் நோட் * ஆக அறிவித்த இடத்தை யூஇன்ட்பிடிஆர்_டி வழியாக எழுதினால், இரண்டும் வெவ்வேறு வகை என்பதால் ஒன்று மற்றதை மாற்றாது என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸ் கர்னல் அந்த அனுமானத்தையே அணைத்துவிட்டுத்தான் கம்பைல் ஆகிறது. யூசர் ஸ்பேஸுக்கு இந்தக் கோடை எடுத்துப் போனால் அந்தப் பாதுகாப்பு கூடவே வராது.

யூஇன்ட்பிடிஆர்_டி-யா, அன்சைன்டு லாங்கா? அளவு ஒன்றுதானே என்று பலர் அன்சைன்டு லாங் எழுதுகிறார்கள், லினக்ஸ் முழுக்க அப்படித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் எஸ்ஆர்ஐ இன்டர்நேஷனலும் உருவாக்கிய செரி கட்டமைப்பில் அந்தச் சமன்பாடு உடைகிறது. அங்கே 64 பிட் இயந்திரத்தில் பாயின்டர் 128 பிட், அதில் எல்லைகளும் அனுமதிகளும் அடங்கும். செல்லுபடியாகுமா என்று சொல்லும் ஒரு டேக் பிட் தனியே இருக்கும். யூஇன்ட்பிடிஆர்_டி அத்தனையையும் தாங்கும். அன்சைன்டு லாங்கில் முகவரி மட்டும்தான் மிஞ்சும், திரும்பப் பாயின்டராக்கினால் டேக் இருக்காது, தொட்டதும் ஃபால்ட். ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட செரிபிஎஸ்டிக்கு அந்த 2005 முடிவு இங்கே கைகொடுத்தது என்று நினைக்கிறேன். ஆகவே காஸ்ட் போட வேண்டியிருந்தால் யூஇன்ட்பிடிஆர்_டி-க்கே போடுங்கள், லாங் பக்கம் போகாதீர்கள்.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு சி11-ன் அடாமிக் வகைகள் இருக்கின்றன. ஹெட்டையே அடாமிக் பாயின்டராக அறிவித்தால் காஸ்ட் தேவையில்லை, வகையும் காக்கப்படும். ஆனால் சாதாரணப் பாயின்டராக அறிவித்ததை அடாமிக் பாயின்டராக காஸ்ட் செய்யாதீர்கள். இரண்டுக்கும் அளவும் அலைன்மென்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று தரம் சொல்லவில்லை. ஜிசிசியின் பழைய சிங்க் பில்ட்-இன்களில் ஒரு பொறி உண்டு: பாயின்டரை 1 கூட்டினால் ஒரு உறுப்பு நகராது, ஒரு பைட் நகரும், ஏனென்றால் அவை பாயின்டரை யூஇன்ட்பிடிஆர்_டி போலவே நடத்துகின்றன. ரஸ்ட் மொழியின் அடாமிக்பிடிஆர் எந்த வகையைக் காட்டுகிறது என்பதைத் தன்னோடே வைத்திருக்கும்.

அப்புறம், உங்கள் மாட்யூலுக்கு வருவோம். ஹெட்டை ஸ்ட்ரக்ட் நோட் * வாலடைல் என்று அறிவியுங்கள். அதன் முகவரியையும் இரண்டு ஸ்ட்ரக்ட் நோட் * மதிப்புகளையும் வாங்கும் ஒரு ஸ்டாடிக் இன்லைன் ஃபங்ஷன் எழுதி, யூஇன்ட்பிடிஆர்_டி காஸ்ட்கள் மூன்றையும் அதற்குள் வையுங்கள். பாயின்டரின் அளவும் யூஇன்ட்பிடிஆர்_டி-யின் அளவும் ஒன்றுதான் என்று கம்பைல் ஆகும்போதே சோதிக்கும் ஒரு ஸ்டாடிக் அசர்ட்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஆம்பர்சண்டை மறந்தால், வேறு லிஸ்டின் நோட்டைக் கொடுத்தால், இனி கம்பைலர் சொல்லும். புது நோட்டை லிஸ்டில் சேர்க்கும்போது ரிலீஸ் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஆர்ம்64-ல் நோட்டின் உள்ளடக்கம் எழுதப்படும் முன்பே அதன் முகவரி மற்றவர்களுக்குத் தெரிந்துவிடலாம்.

இந்தச் சேர்க்கும் பாதி பத்திரமானது. ஒவ்வொரு நோட்டாக எடுக்கும் பாதி அப்படி இல்லை: ஹெட்டைப் படித்து, அதன் நெக்ஸ்டைப் படிப்பதற்குள் இன்னொரு ப்ராசஸர் அந்த நோட்டை எடுத்து ஃப்ரீ செய்து, அதே முகவரியில் புது நோட்டைத் திரும்ப வைத்திருந்தால், மேலே சொன்ன ஏபிஏ அப்படியே நடக்கும். எந்த வகைச் சோதனையும் இதைப் பிடிக்காது. லினக்ஸின் எல்லிஸ்ட் என்ற லாக் இல்லாத லிஸ்ட் இதை நிதானமாகக் கையாள்கிறது: சேர்ப்பது கம்பேர்-எக்ஸ்சேஞ்ச், எடுப்பது ஒரே எக்ஸ்சேஞ்சில் ஹெட்டை நல் ஆக்கி லிஸ்ட் முழுவதையும் அள்ளிக்கொள்வது, இந்த இரண்டுக்கும் லாக் வேண்டாம். ஒன்றொன்றாக எடுப்பதென்றால் எடுப்பவர் ஒருவராக மட்டும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அதன் நோட் வகையும் ஒன்றே ஒன்றுதான். உங்கள் ஸ்ட்ரக்சருக்குள் அந்த நோட்டைப் பதித்துவிடுகிறீர்கள், அடாமிக் செயல்பாடு எப்போதும் அந்த ஒரே வகையை மட்டும் தொடுகிறது, உங்கள் ஸ்ட்ரக்சருக்குத் திரும்புவது லிஸ்டை அள்ளிய பிறகு கன்டெய்னர்_ஆஃப் (உள்ளே பதித்த ஃபீல்டின் முகவரியிலிருந்து வெளி ஸ்ட்ரக்சரின் முகவரியைக் கணக்கிடும் மேக்ரோ) வழியாக. உங்கள் மாட்யூலில் நோட்களை மொத்தமாக எடுத்தால் போதும் என்றால் இந்த வடிவத்துக்கே மாறிவிடுங்கள், அடாமிக் வரியில் போட்ட அந்த காஸ்டும் அந்த ஒரு ஃபங்ஷனோடு நின்றுவிடும்.